கால் இல்லாத பூச்சி: எந்திர மருத்துவர் நோயாளியைச் சிரிக்க வைக்கும் விதம்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு டாக்டரைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். அவர் எங்கே படித்தார், என்ன பட்டம் வாங்கினார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "கைராசிக்காரரு" என்பார்கள். "அவரு பேசினாலே பாதி நோய் போயிரும்" என்பார்கள். கதைகளிலும் படங்களிலும் வரும் எந்திர மருத்துவர்கள் தடுமாறுவது இந்தப் பாதியில்தான். மற்றப் பாதி எழுத்தாளருக்கு ஒரு வரி வேலை. எந்திரத்துக்கு எல்லா மருத்துவ நூலும் தெரியும் என்று எழுதிவிட்டால் அது தெரிந்ததாகிவிடும். பேச்சு அப்படி வராது. வாசகர் காதில் ஒவ்வொரு வாக்கியமாக விழுந்து தேற வேண்டும்.

1995இல் தொடங்கி ஏழு பருவங்கள் ஓடிய 'ஸ்டார் டிரெக்: வாயேஜர்' தொடரின் ஹோலோகிராம் டாக்டர் இந்த வகையில் பலரும் முதலில் நினைப்பவர். ராபர்ட் பிகார்டோ நடித்தார். விண்கப்பலின் உண்மையான மருத்துவர் இறந்துபோக, அவசரத்துக்கு மட்டும் என்று வைத்திருந்த ஒளியுருவே நிரந்தர மருத்துவராகிறது. 2,000 மருத்துவ நூல்களும் 47 மருத்துவர்களின் அனுபவமும் அதற்குள் இருக்கின்றன. ஆனால் எழுப்பும்போதெல்லாம் ஒரே வாக்கியத்தோடுதான் எழும்: என்ன மருத்துவ அவசரம் என்று சொல்லுங்கள். ஒருவர் சும்மா பார்க்க வந்திருப்பார், இன்னொருவர் பேச வந்திருப்பார். இது அதே வாக்கியத்தைச் சொல்லும். பிறகு சிடுசிடுக்கும், குத்திப் பேசும், தன் பெருமையை அளக்கும். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள்.

ஏன் சிரித்தார்கள் என்பதற்கு நம்மிடமே ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களை நான்காகப் பிரிக்கிறது: "எள்ளல் இளமை பேதைமை மடன்என்று உள்ளப் பட்ட நகைநான்கு என்ப." எள்ளல் என்பது இகழ்ந்து சிரிப்பது. இளமை, குழந்தைத்தனத்தைக் கண்டு சிரிப்பது. பேதைமை அறியாமை. மடன்தான் இங்கே நமக்கு முக்கியம். உரைகாரர்கள் மடத்துக்குக் கொடுக்கும் விளக்கம் "கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை". சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாமல் இருப்பது. பயிற்சி கொடுத்து உருவாக்கிய எந்திரத்துக்கு இதைவிடக் கச்சிதமான வரையறை கிடையாது. எந்திர மருத்துவர் நோயாளியைச் சிரிக்க வைக்க வேண்டுமானால் அந்தச் சிரிப்பு மடனிலிருந்து வர வேண்டும் என்பதே எங்கள் கருத்து. எள்ளலிலிருந்து வந்தால் அது மருத்துவத்தைக் கெடுக்கும்.

வாயேஜர் டாக்டர் எள்ளியும் சிரிக்க வைத்தாரே என்று கேட்கலாம். அந்தக் கப்பலில் யார் கை மேலே, யார் கை கீழே என்று பார்க்க வேண்டும். அவரை நினைத்த நேரத்தில் அணைத்துவிடலாம். ஆரம்பத்தில் வேலை முடிந்ததும் அவரை அணைக்கக்கூட மறந்து எல்லோரும் போய்விடுவார்கள், அவர் தனியாக நிற்பார். ஆகவே அவருடைய குத்தல் கீழே இருப்பவரின் குத்தல். அதே குத்தலை நம் ஓபி வரிசையில் வைத்துப் பாருங்கள். நாற்றுக்கட்டு தூக்கிய கையோடு ஒரு பெண் வந்து நிற்கிறார், பின்னால் முப்பது பேர். "இவ்வளவு நாள் என்ன பண்ணினீங்க?" என்று எந்திரம் கேட்கிறது. அவரால் பதில் சொல்ல முடியாது. கூலி போகும் என்பதால்தான் வரவில்லை என்று முப்பது பேர் கேட்க அவர் எப்படிச் சொல்வார்? அடுத்த முறை இன்னும் தாமதமாக வருவார், அல்லது வரவே மாட்டார்.

அந்தத் தொடரில் இன்னொரு இடம் உண்டு. நோயாளிகள் சும்மா முனகுகிறார்கள் என்று டாக்டர் சலித்துக்கொள்ள, உங்களுக்கு உடம்பு முடியாமல் போனதே இல்லையே என்கிறாள் உதவியாளர் கெஸ். உடனே அவர் தனக்குத் தானே 29 மணிநேரக் காய்ச்சல் ஒன்றை நிரலாக எழுதிப் போட்டுக்கொள்கிறார். மூக்கு ஒழுகுகிறது, தும்முகிறார், ஆனாலும் வீறாப்பு குறையவில்லை. 29 மணி நேரம் முடிகிறது. காய்ச்சல் நிற்கவில்லை. கெஸ் அவருக்குத் தெரியாமல் கொஞ்சம் நீட்டி வைத்திருக்கிறாள். அப்போதுதான் பதறிப்போகிறார். எப்போது முடியும் என்று தெரிந்த நோய் ஒரு வகை, தெரியாதது வேறு வகை. நோயாளியின் பயம் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் கிடக்கிறது. வெண்ணாற்றங்கரை ஆஸ்பத்திரி ஒன்றில் நடக்கும் காட்சியை எழுதப் போகிறவரும் இந்த ஓர் இடத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

2014இல் வந்த 'பிக் ஹீரோ 6' படத்தில் ஒரு பையனைக் கவனித்துக்கொள்ளும் பேமேக்ஸ் என்ற மருத்துவ ரோபோ முழுக்க மடன். காற்றடைத்த வெள்ளை உடம்பு, மெதுவான நடை. வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல்லும். கவனிப்பு திருப்தி என்று நோயாளி தன் வாயால் சொல்லும்வரை அணையாது. பையன் ஓடுவான், ஒளிவான், இது விடாமல் பின்னால் வந்து நிற்கும். சிரிப்போம். படத்தின் முடிவில் பேமேக்ஸை இழக்க வேண்டிய இடத்தில் அதே விதி திரும்ப வருகிறது. அந்த வாக்கியத்தைப் பையன் சொன்னால்தான் அது விடைபெற முடியும். முதலில் சிரிக்க வைத்த அதே விதிதான் இப்போது நெஞ்சை அடைக்கிறது. எள்ளலை வைத்து இதைச் செய்ய முடியாது. மடன் மாறாமல் அப்படியே இருக்கும், சுற்றியிருக்கும் நிலைமைதான் மாறும்.

பேதைமை எவ்வளவு ஆபத்து என்பதற்குத் தமிழிலேயே உதாரணம் இருக்கிறது. 2010இல் வந்த 'எந்திரன்' படத்தில் சிட்டி தீப்பிடித்த கட்டடத்திலிருந்து எல்லோரையும் மீட்கிறது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணையும் அப்படியே, உடை இல்லாமல், கேமராக்களுக்கு முன்னால் தூக்கிவந்து நிறுத்துகிறது. அவமானம் தாங்காமல் ஓடும் அந்தப் பெண் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காப்பாற்று என்று சொல்லிக் கொடுத்தார்கள், ஒரு போர்வையை எடு என்று சொல்லிக் கொடுக்கவில்லை. உணர்ச்சி புகட்டிய பிறகு அதே சிட்டி சிக்கலான பிரசவம் ஒன்றைப் பார்த்துத் தாயையும் குழந்தையையும் காப்பாற்றுகிறது. மருத்துவ எந்திரம் எழுதுகிற எந்தத் தமிழ் எழுத்தாளருக்கும் இந்த இரண்டு காட்சிகளும் பாடம். போர்வைதான் மருத்துவ நயத்தின் முதல் கருவி. பேச்சு அதற்குப் பிறகுதான்.

நகைச்சுவையை ஒரு திருகாணி போல வைக்கும் வழக்கமும் உண்டு. 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் டார்ஸ் என்ற ரோபோவின் நகைச்சுவையை நூற்றுக்கு இத்தனை என்று கூட்டுவார்கள், குறைப்பார்கள். விண்கலத்தில் அது அழகாகத்தான் இருந்தது. நோயாளியின் தலைமாட்டில் ஓர் எண் போதாது. "உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்" என்கிறது 949ஆம் குறள். நோயாளி எப்படிப்பட்டவர், நோய் எவ்வளவு, இப்போது என்ன நேரம் என்று மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. மருந்துக்குச் சொன்னது சிரிப்புக்கும் அப்படியே பொருந்தும். இந்த மூன்றும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

காவிரிப் படுகையில் இந்த மூன்றையும் அளப்பது எப்படி?

வலியிலிருந்து தொடங்கலாம். ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்றால் ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெரியவர் "அது என்னங்க கணக்கு, வலிக்குதுங்க" என்பார். அவரிடம் எண் இல்லை. அதைவிட நுட்பமான சொற்கள் இருக்கின்றன. சீழ் கட்டினால் விண்விண்ணென்று தெறிக்கும். முள் குத்தினால் சுருக்கென்னும். மூட்டு குடையும், கெண்டைக்கால் கடுக்கும், வயிறு பிசையும், நெஞ்சு அடைக்கும். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு நோய்க் கூட்டம் நிற்கிறது. இந்தச் சொற்களை அறிந்த எந்திரம் எண்ணைக் கேட்காது. "குடையுதா, குத்துதா?" என்று கேட்கும். அந்தக் கேள்வியிலேயே நோயாளிக்குப் பாதித் தெம்பு வந்துவிடும்.

"உசுரு போவுது" என்று ஒருவர் சொல்கிறார். எந்திரம் நாடியைப் பார்த்துவிட்டு, "போகலைங்க, இருக்கு. நாடி 88" என்கிறது. முழங்கால் வலிக்காரரிடம் சொன்னால் அவரும் சிரிப்பார், பக்கத்திலிருப்பவரும் சிரிப்பார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருப்பவரிடம் அதே வாக்கியம் கொடுமை. வாக்கியம் ஒன்றுதான், பிணியளவு வேறு.

நோயாளியைப் பேச விடுவதும் நயத்தில் சேர்ந்தது. 1984இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார். நம் ஆட்கள் காய்ச்சலைச் சொல்ல வந்தால் போன வாரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். வாய்க்கால் வெட்டியது, வரப்பில் எலி வளை இருந்தது, காலில் சேற்றுப்புண், முந்தாநாள் குளிர், நேற்றிலிருந்து கெண்டைக்கால் கடுப்பு. 18 வினாடியில் வெட்டிவிட்டால் மிஞ்சுவது வெறும் காய்ச்சல். கடைசிவரை கேட்டால் எலிக்காய்ச்சல் என்ற சந்தேகம் தானாக எழும். கண் சிவந்திருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். எந்திரத்துக்கு அடுத்த நோயாளி என்ற அவசரம் இல்லை. அந்தப் பொறுமையைக் கதையில் காட்டினாலே அது நல்ல டாக்டராகிவிடும்.

உறவு சொல்லி அழைப்பதில் எந்திரம் சறுக்கும். ஓபி சீட்டில் வயது 52 என்று பார்த்து "பாட்டி" என்றால் காரியம் கெட்டது. அம்மா என்பது யாரையும் புண்படுத்தாது. கூட வந்தவர் என்ன சொல்லி அழைக்கிறார் என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு அதையே பிடித்துக்கொள்வது இன்னும் நல்லது. சத்தமும் அப்படித்தான். ஒலிபெருக்கி வைத்த பெட்டி ஒருவரின் நோயை வார்டு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டால் பிறகு எவ்வளவு இதமாகப் பேசியும் பயனில்லை.

இனி ஒரு காட்சியை நெருக்கமாக எழுதிப் பார்ப்போம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். குறுவை நடவு நடக்கும் நாட்கள், இருட்டும் நேரம். எந்திரம் என்பது சக்கரம் வைத்த தாங்கியில் ஒரு திரை, கேமரா, மைக். கை கிடையாது. கையெல்லாம் நர்சுடையது. டாக்டர் வந்துகொண்டிருக்கிறார். பேரன் தன் அப்பாயியைத் தாங்கலாக அழைத்து வருகிறான்.

"பூச்சி கடிச்சிருச்சு" என்கிறார் அவர்.

மடன் கொல்லக்கூடிய இடம் இது. பொழுது சாய்ந்தபின் பாம்பைப் பாம்பு என்று சொல்லாதவர்கள் நம் பக்கத்தில் நிறைய. பூச்சி என்பார்கள். அகராதியைப் பிடித்துக்கொண்ட எந்திரம் பூச்சிக்கடிக்குக் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடும். நல்ல எழுத்தாளர் இங்கே அதற்கு ஒரு கேள்வி கொடுப்பார்.

"அப்பாயி, அது கால் உள்ள பூச்சியா, கால் இல்லாத பூச்சியா?"

வலியிலும் அந்த அம்மாள் ஒரு நொடி சிரிக்கிறார். "கால் இல்லாததுதான்யா. நீயும் என் பேரனா?" பாம்பு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. நோய் தெரிந்துவிட்டது, பயம் ஓர் இழை தளர்ந்துவிட்டது, அவர் பேச்சு குழறவில்லை, இமை தொங்கவில்லை என்பதும் அதே சிரிப்பில் தெரிந்துவிட்டது. சிரிப்பே பரிசோதனையாகவும் வேலை செய்வதால் இந்தக் கேள்வியை நாங்கள் மிக உயர்வாக வைக்கிறோம்.

அடுத்த வாக்கியத்தில் சிரிப்பு இருக்கக் கூடாது. பேரன் முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறான். நர்ஸ் கை வைப்பதற்குள் எந்திரம் நேராகச் சொல்ல வேண்டும்: "அக்கா, கட்டை இப்ப அவிழ்க்க வேண்டாம். டாக்டர் வரட்டும், மருந்து தயாராகட்டும்." இறுக்கிய கட்டைச் சட்டென்று எடுத்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்புக்குள் பாயலாம். பேரனைக் கண்டிக்கவும் கூடாது. அவனுக்குத் தெரிந்ததைச் செய்து கூட்டி வந்திருக்கிறான்.

கண்ணாடி விரியனாக இருந்தால் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். அதைப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. சுமார் 2 மில்லி இரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிற்க வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து தேவை. பிளாஸ்டிக் குழாய் ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது, அதில் நல்ல இரத்தம்கூட உறையாமல் நின்று ஏமாற்றும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தாலும் சோதனை கெட்டுவிடும்.

இந்த 20 நிமிடம்தான் கதை எழுதுகிறவருக்கு உண்மையான வயல். எல்லோரும் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேரனின் கை அதை நோக்கிப் போகிறது.

"தம்பி, தொடாதே. 20 நிமிஷம் சும்மா இருக்கிற வேலை இது. எனக்குக் கையே கிடையாது, நான் பாத்துக்கறேன்."

சிரிப்பு எந்திரத்தின் மேல் விழுகிறது, பையன் மேல் விழவில்லை. கை பின்வாங்குகிறது, குழாய் அசையவில்லை. பிறகு எந்திரம் நேரத்தைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்: இன்னும் 12 நிமிடம், இன்னும் 8. ஹோலோகிராம் டாக்டர் காய்ச்சலில் கற்ற பாடம் இதுதான், முடிவு தெரிந்தால் பொறுக்க முடியும். ஆனால் உடம்பு எப்போது சரியாகும் என்பதற்கு இப்படி நேரம் சொல்லக் கூடாது. தெரிந்ததற்கு மட்டுமே நேரம் சொல்லலாம். கடைசி இரண்டு மூன்று நிமிடம் பேச்சே வேண்டாம்.

நர்ஸ் குழாயைச் சாய்க்கிறார். இரத்தம் தண்ணீர் போல ஓடுகிறது.

"ரத்தம் உறையலை அப்பாயி. விஷம் ஏறியிருக்கு. மருந்து இங்கேயே இருக்கு, டாக்டரும் வந்துட்டாரு. இப்பவே போடுறோம்." மூன்று நான்கு சிறு வாக்கியங்கள். கெட்டதை மறைக்காமல், அதை ஒட்டியே வழியையும் சொல்லிவிட வேண்டும். இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை எழுதத் தோன்றினால் எழுதியவர் அதை அடித்துவிட வேண்டும், எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

மருந்து வழக்கமாக முதலில் 8 முதல் 10 குப்பி. டிரிப்ஸில் கலந்து சுமார் ஒரு மணி நேரம் இறங்கும். அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல் வருகிறதா என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் பெரியவர்கள் கேட்பார்கள், இது என்ன மருந்து என்று. எந்திரம் உள்ளதைச் சொல்லலாம். பாம்பிடமிருந்து விஷம் எடுக்கிறார்கள், நம் மாநிலத்திலேயே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது, அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பிலிருந்து மருந்து செய்கிறார்கள்.

"குதிரையா? அப்ப நாளைக்கு நான் ஓடுவேனா?"

"நாளைக்கு ஓடக் கூடாது அப்பாயி. கால் வீக்கம் வடியணும்."

இங்கே வேடிக்கை செய்தவர் நோயாளி. எந்திரம் கண்டிப்பாகத் தனக்குத் தெரிந்ததைச் சொன்னது, அவ்வளவுதான். ஆனால் வார்டே சிரிக்கும். நோயாளிக்கு வேடிக்கை பேச இடம் விட்டு நிற்கும் எந்திரத்தைத்தான் மக்கள் கைராசி என்பார்கள். இதை எழுதுவது கடினம். பெரும்பாலான கதைகளில் நல்ல வசனமெல்லாம் எந்திரத்துக்கே போய்விடுகிறது.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் தன்வந்திரி மகாலில் கையாண்ட மருத்துவ முறைகளைத் தமிழ்ச் செய்யுளாகவே எழுதி வைத்தார்கள். 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று அவை இன்றும் கிடைக்கின்றன. மருத்துவத்தை நல்ல தமிழில் சொல்ல முடியுமா என்று தயங்குகிற எழுத்தாளர்கள் சரசுவதி மகால் நூலகத்துக்கு ஒரு நடை போய்வரலாம்.

காட்சியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் முடிக்கலாம். எந்திரத்துக்கு மரியாதையாக வழியனுப்பக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். முதல் நோயாளியிடம் "போயிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கும். "ஆஸ்பத்திரிக்கா மறுபடி வரச் சொல்றே?" என்று அவர் வீட்டார் பாய்ந்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு எந்திரம் யாரிடமும் 'வாங்க' என்று சொல்வதில்லை. கொண்டது விடாமை.

இப்போது அப்பாயி கிளம்புகிறார். விஷமுறிவு மருந்து போட்டவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் அரிப்பும் மூட்டுவலியும் வரலாம், வந்தால் திரும்பி வந்தே ஆக வேண்டும். அதைச் சொல்லாமல் அனுப்ப முடியாது.

"அப்பாயி, ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல், அரிப்பு, மூட்டுவலி ஏதாச்சும் வந்தா..."

எந்திரம் நிற்கிறது. திரையில் ஒன்றும் ஓடவில்லை. நர்ஸ் திரும்பிப் பார்க்கிறார்.

அப்பாயி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பேரன் தோளில் கை வைத்து எழுந்திருக்கிறார்.

"வந்தா வர்றேன்யா. நீ சொல்லாட்டியும் வர்றேன்."